பரீட்சைக்கு வராத பக்கங்கள்

திருப்பதியும் இல்ல, சமயபுரமும் இல்லக்கா. நீங்க ஏறினதிலேர்ந்து என் தலையைத்தான் பார்த்துட்டு வர்றீங்க. கேட்டுட்டீங்க, நல்லது. கேட்காம ஓரக்கண்ணால பார்க்குறவங்களைத்தான் எனக்குப் பிடிக்காது. இது சாமிக்குக் கொடுத்த முடி இல்ல. சில பேர் பிடிச்சுக்க ஒருத்தி வெட்டினது. எலி கடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்பாதான் செங்கத்துல ஒரு சலூன்ல உட்கார வெச்சு சமமா எடுக்கச் சொன்னார். சலூன்காரர் பொம்பளப்புள்ள தலையில மிஷின் வைக்க மாட்டேன்னு முரண்டு பிடிச்சார். வைங்கண்ணான்னு நானே சொன்னேன்.

அழ மாட்டேன், பயப்படாதீங்க. முடிதானே. வளரும்.

காரணம் கேட்டா பிரெஞ்சுப் புரட்சின்னு சொல்வேன். சிரிக்காதீங்க. சேலம் வர நேரம் இருக்கு, முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

பன்னிரண்டாவது படிச்சேன், ஹிஸ்டரி குரூப். இப்போ நிறுத்தியாச்சு. ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சேன். ஊர் பேர் வேண்டாம். ஒரு டிரஸ்ட் நடத்துற பொண்ணுங்க ஹாஸ்டல், ஆறாவதுலேர்ந்து பன்னிரண்டாவது வரைக்கும், நாற்பது பேருக்கு மேல இருப்போம். வார்டன் சகுந்தலா மேடம். அவங்க ரூம்ல மட்டும்தான் ஃபேன். சாப்பாட்டு ஹால் போர்டுல முட்டைன்னு எழுதியிருக்கும், தட்டுல பாதி முட்டைதான் விழும். சில வாரம் அதுவும் இல்ல. அரிசியில புழு. காட்டினா, "பொறுக்கிப் போட்டுட்டுத் தின்னு, உங்க வீட்ல என்ன பிரியாணியா?"ன்னு கேட்பாங்க.

அதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம்க்கா. அவங்ககிட்ட ஒரு கத்தரி இருந்துச்சு. கறுப்புப் பிடி, டெய்லர் கடையில இருக்குமே, அந்த மாதிரிப் பெருசு. பேன் இருக்குன்னு சொல்லி யார் முடியை வேணும்னாலும் வெட்டிருவாங்க. நிஜமாவே பேன் இருக்கான்னு ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. எதிர்த்துப் பேசினா பேன் வந்துடும், அவ்வளவுதான்.

எங்க ஹிஸ்டரி டீச்சர் மரகதவல்லி. அவங்க பாடம் நடத்தினா பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்ற மாதிரி இருக்கும். பாரிஸ்ல ரொட்டி இல்ல. ராஜா பதினாறாம் லூயிக்கு வேட்டைக்குப் போறதும் பூட்டு செய்யுறதும்தான் பொழுதுபோக்கு. மக்கள் சார்பா வந்தவங்களை மண்டபத்துக்குள்ள விடாம கதவைச் சாத்திட்டாங்க. அவங்க பக்கத்துல டென்னிஸ் ஆடுற இடத்துக்குப் போய், சட்டம் எழுதாம கலைய மாட்டோம்னு கையை நீட்டி சத்தியம் பண்ணினாங்க. அப்புறம் பாஸ்டில் சிறையை உடைச்சாங்க. மீன் விக்கிற பொம்பளைங்க எல்லாம் மழையில நடந்து அரண்மனைக்கே போய், ராஜாவைக் குடும்பத்தோட பாரிசுக்கு இழுத்துட்டு வந்தாங்க. ராஜா வேஷம் மாத்திட்டு ஓடப் பார்த்தார், வழியில மாட்டிக்கிட்டார். கடைசியில கில்லட்டின். டீச்சர் கழுத்துல கையை வெச்சு "சதக்"னாங்க. என் பக்கத்துல காவேரி என் தொடையைக் கிள்ளினா. காவேரி என் ஃபிரெண்டு. ஆறாவதுலேர்ந்து ஒரே பாய்ல படுத்தவ. அவளுக்கு இடுப்புக்குக் கீழ சடை. உங்களுக்கு இருக்கே, அதைவிடத் தடிமன்.

அடுத்த நாள் டீச்சர் அரையாண்டுக்கு இம்பார்ட்டன்ட் குறிச்சுக் கொடுத்தாங்க. "ராஜா சாகுற வரைக்கும் படிங்க. அதுக்கப்புறம் ரெண்டு பக்கம், பயங்கர ஆட்சி, அது இதுன்னு வரும். பரீட்சைக்கு வராது, அடிச்சுக்கோங்க." எல்லாரும் அந்தப் பக்கங்கள்ல பெருக்கல் குறி போட்டோம். நான் ஸ்கேல் வெச்சு நேரா போட்டேன். எனக்கு எதுவும் கோணலா இருந்தா பிடிக்காது.

அந்த வாரமே ஒருநாள், புழு இருக்குன்னு நாங்க தட்டைத் தள்ளி வெச்சோம். சகுந்தலா எங்களை வெளிய துரத்தி சாப்பாட்டு ஹாலைப் பூட்டிட்டாங்க. அக்கா, நான் சத்தியமாச் சொல்றேன், பூட்டு விழுந்த சத்தத்துல காவேரியும் நானும் ஒரே நேரத்துல ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்த்தோம். டென்னிஸ் எங்ககிட்ட ஏது? வளையப்பந்து ஆடுற இடம் இருந்துச்சு. எல்லாரையும் அங்க கூட்டிட்டுப் போனேன். அந்த ரப்பர் வளையத்தை நடுவுல வெச்சு, அது மேல ஒருத்தி கை மேல ஒருத்தி கை வெச்சு, சகுந்தலா போற வரைக்கும் பிரிய மாட்டோம்னு சத்தியம் பண்ணினோம். ஆறாவது புள்ளைங்களுக்குக் கை எட்டல. அதுங்க எங்க பாவாடையைப் பிடிச்சுக்கிச்சுங்க.

மறுநாள் காலையில சாம்பார் வாளியில ஒரு கழியை விட்டு ரெண்டு பேர் தூக்கிட்டோம். எல்லாரும் பின்னாடி. கடைத்தெரு வழியா நடந்து டிரஸ்ட் செயலாளர் வீட்டுக்குப் போனோம். மழை இல்ல, அது ஒண்ணுதான் குறை. அவர் வாயில பிரஷ்ஷோட வந்தார். "இந்தச் சாம்பாரை நீங்க ஒரு கரண்டி சாப்பிடுங்க சார், நாங்க பேசாமத் திரும்பிப் போயிடறோம்"னேன். அவர் வீட்டம்மா எட்டிப் பார்த்துட்டு முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. தெருவே வேடிக்கை பார்க்குது. மத்தியானத்துக்குள்ள சகுந்தலா பெட்டியும் ஃபேனுமா ஆட்டோவுல ஏறிட்டாங்க. ஏறுறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து, "நீ நல்லா வருவே, சுகப்பிரியா"ன்னாங்க. அது திட்டா வாழ்த்தான்னு இன்னும் தெரியல.

புது வார்டன் வர்ற வரைக்கும் பெரிய பொண்ணுங்க பார்த்துக்கோங்கன்னுட்டார் செயலாளர். அவருக்கு சம்பளம் மிச்சம். நான், காவேரி, அப்புறம் சங்கவின்னு ஒருத்தி, மூணு பேரும் கமிட்டி. சங்கவி பேசவே மாட்டா. நாம பேசுறதைத் தலையாட்டிக் கேட்டுட்டு இருப்பா.

முதல் வேலையா சகுந்தலா விட்டுட்டுப் போன கத்தரியை எடுத்து பிரேயர் ஹால் ஆணியில மாட்டினேன். "இனிமே இந்த ஹாஸ்டல்ல யார் முடியிலயும் யாரும் கை வைக்கக் கூடாது. எல்லாரும் இதைப் பார்த்து ஞாபகம் வெச்சுக்கணும்." நான்தான் சொன்னேன். காவேரி ரெண்டு விரலை வாயில வெச்சு விசில் அடிச்சா.

ரெண்டாவது, யாரும் யாரையும் அக்கான்னு கூப்பிடக் கூடாது. அங்க ராஜா போனதும் ஐயா, துரை எல்லாத்தையும் எடுத்துட்டு, எல்லாரையும் குடிமகன், குடிமகள்னு கூப்பிட்டாங்களாம். எங்களுக்குத் தோழி. ஆறாவது படிக்கிறதும் தோழி, நானும் தோழி. உங்களை அக்கான்னு கூப்பிடுறது பஸ்ஸுங்கறதால.

கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு. அதை யாரும் இல்லன்னு சொல்ல முடியாது. முழு முட்டை. அரிசியை நாங்களே புடைச்சோம். சாயங்காலம் வளையப்பந்து. அப்புறம் முட்டை குறைய ஆரம்பிச்சுது.

எப்படிக் குறையும்? சகுந்தலாதான் போயிட்டாங்களே? அப்போ உள்ளேயே யாரோ சகுந்தலாவோட ஆள் இருக்காங்கன்னுதானே அர்த்தம்? நீங்களே சொல்லுங்க.

சமையல் பேபியக்காவா? சேச்சே. அவங்க மூணு வேளையும் புகையில வேகுறவங்க. வீட்ல ஆடு இருக்குன்னு தினமும் காய்த்தோலை ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போவாங்க, அவ்வளவுதான். அந்தத் தோலைக்கூடக் குழந்தையைத் தூக்குற மாதிரி ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சு, பார்த்துப் பார்த்து நடப்பாங்க. ஒரு வார்த்தை கடிஞ்சு பேச மாட்டாங்க.

ஏன் அப்படிப் பார்க்குறீங்க? பையை யாராவது பிரிச்சுப் பார்த்தோமான்னா கேட்கறீங்க? உழைக்கிறவங்களைச் சந்தேகப்பட்டா அது என்ன புரட்சிக்கா?

எட்டாவது படிக்கிற யோகலட்சுமியை ஒருநாள் கடைத்தெருவுல பார்த்தேன். சகுந்தலாவோட நின்னு பன் தின்னுட்டு இருந்தா. சகுந்தலாவே வாங்கிக் கொடுத்தது. கேட்டதுக்கு, "பசிச்சுதுக்கா"ன்னா. தோழின்னு கூடச் சொல்ல வரல. சாயங்காலம் பிரேயர் ஹால்ல எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேட்டோம். அழுதா. தப்பு பண்ணலன்னா எதுக்கு அழணும்? ஆணியிலேர்ந்து கத்தரியை எடுத்தேன். யாரும் கை வைக்கக் கூடாதுன்னு நான் சொன்னது நியாயமானவங்க முடிக்கு. காட்டிக் கொடுக்கிறவங்களுக்கும் அதே சட்டம்னா சட்டத்துக்கு என்ன மதிப்பு? யோகா சின்னப் புள்ள, சின்னச் சடை, ரிப்பனோட விழுந்துச்சு. முடிதானே. வளரும்னு நானே அவ கண்ணைத் துடைச்சு விட்டேன்.

முட்டை வரல. அப்போ இன்னும் ஆள் இருக்குன்னுதானே?

அடுத்தது ஒரு பதினோராவது. சகுந்தலா இருந்தப்போ மாசம் ஒரு தடவையாவது பாயசம் இருந்துச்சுன்னு சொன்னவ. அப்புறம் அவளுக்காக அழுதவ. அப்புறம் கை தட்டாதவ. எனக்கு எல்லார் பேரும் ஞாபகம் இல்லக்கா. ஹால் பெருக்குற முறைக்காரி முடியையும் சேர்த்துப் பெருக்குவா. எல்லாரும் ரொம்ப ஒழுங்காயிட்டாங்க. நான் உள்ள வந்தா சத்தம் நின்னுடும். சொல்லாமலே வரிசையில நிப்பாங்க. நான் அதை மரியாதைன்னு நினைச்சேன். மரியாதைதான்.

காவேரிதான் ஆரம்பிச்சா. துணி துவைக்கிற கல்லுகிட்ட என்னை நிறுத்தி, "போதும்டி சுகா. அந்தக் கத்தரியைக் கிணத்துல போட்டுடலாம்"னா.

"முட்டை?"

"போனாப் போகுது விடு. சின்னதுங்க உன்னைப் பார்த்தா எழுந்து நிக்குதுங்க. சகுந்தலா வர்றப்போ நின்ன மாதிரியே நிக்குதுங்கடி. உனக்குத் தெரியலயா?"

"நீ யார் பக்கம்?"

அவ துணியைப் பிழிஞ்சு வாளியில போட்டா. "இந்தக் கேள்வியை என்கிட்டயே கேட்டுட்ட இல்ல?"ன்னுட்டு வாளியைத் தூக்கிட்டுப் போயிட்டா.

பதில் சொன்னாளா? சொல்லல. கவனிங்க. ஆறு வருஷம் ஒரே பாய்ல படுத்தவ, ஒரு நேரான கேள்விக்கு நேரான பதில் சொல்லல. அன்னிக்கு சங்கவி மெதுவா என்கிட்ட, "காவேரி சின்னதுங்களைக் கூட்டி வெச்சுப் பேசுறா"ன்னா. அவ பேசினதே ஆச்சரியம். நம்பாம எப்படி இருக்குறது?

சாயங்காலம் ஹால்ல பேரைச் சொன்னேன். காவேரி தானே நடந்து வந்து உட்கார்ந்தா. யாரும் பிடிக்கல. சடையை எடுத்து முன்னாடி போட்டா. "ஒரே வெட்டுல போகாதுடி, கொஞ்சம் கொஞ்சமா அறுக்கணும்"னா. நிஜமாவே அறுக்க வேண்டியிருந்துச்சு. கை வலிச்சுது எனக்கு. முடிஞ்சதும், "தூக்கிக் காட்டு. எல்லாரும் பார்க்கட்டும். இந்த மாதிரி சடை இனிமே இந்த ஹாஸ்டல்ல கிடைக்காது"ன்னா. காட்டினேன். கை தட்டினாங்க. எழுந்திரிக்கறப்போ என் காதுகிட்ட வந்து, "உன் முடியும் நல்லாத்தான்டி இருக்கு"ன்னுட்டுப் போனா.

மறுநாள் வீட்டுக்குப் போனவ திரும்பி வரல. தலையைப் பார்த்துட்டு அவங்க அப்பா வேற ஏதோ நடந்துடுச்சுன்னு நினைச்சுட்டார். என்ன சொன்னாலும் நம்பல. படிப்பை நிறுத்தி, தைக்குள்ள கல்யாணம்னு பேசி முடிச்சுட்டாங்களாம். மாப்பிள்ளைக்கு முப்பது வயசுக்கு மேலயாம். அது அவங்க அப்பா பண்ற அநியாயம். நான் முடியைத்தான் வெட்டினேன்.

தண்ணி இருக்காக்கா? ஒரு வாய் குடுங்க.

ம். அதுக்கப்புறம் முட்டை சுத்தமா நின்னு போச்சு. எனக்குக் கோபம். சாப்பாட்டு ஹால்ல தட்டைத் தட்டி எழுந்து நின்னேன். "யார் திருடறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு. ரெண்டு பேர். நாம ரொம்ப நம்பினவங்க. நாளைக்குக் காலையில பேர் சொல்றேன்"னேன். உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு ஒரு பேரும் தெரியாது. பயந்து யாராவது வந்து ஒத்துக்குவாங்கன்னு நினைச்சேன். ஒவ்வொருத்தியும் தட்டைப் பார்த்துட்டு இருந்தா. சங்கவி மட்டும் என்னைப் பார்த்தா.

காலையில தொட்டிகிட்ட பல் விளக்கிட்டு இருந்தேன். நிமிர்ந்தா, எல்லாரும் நிக்குறாங்க. வட்டமா. நாங்க வளையத்து மேல கை வெச்சு நின்னோமே, அதே மாதிரி. சங்கவி கையில கத்தரி. ஒரு பேச்சு இல்ல, தோழின்னு கூட யாரும் சொல்லல. என் வாய் நிறைய நுரை, நானும் ஒண்ணும் சொல்ல முடியல. ரெண்டு பேர் கையைப் பிடிச்சாங்க. தலையைப் பிடிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? யோகலட்சுமி. ரொம்ப மெதுவாத்தான் பிடிச்சா. "அக்கா, ஆடாதீங்க. காதுல பட்டுடும்"னா.

அந்த 'அக்கா'தான் இன்னும் காதுல கேட்குது. மத்தது எல்லாம் மறந்துடுச்சு.

அன்னிக்கே யாரோ செயலாளருக்குப் போன் பண்ணிட்டாங்க. புது வார்டன் வந்தாங்க. யார் தெரியுமா? சகுந்தலா. அதே பெட்டி, அதே ஃபேன். ஆட்டோ வந்து நின்னதும் பொண்ணுங்க ஓடிப் போய் பெட்டியை வாங்கினாங்கக்கா. ஓடிப் போய்! ராத்திரி முட்டை போட்டாங்களாம். பாதி முட்டை. கை தட்டினாங்களாம்.

டி.சி. வாங்கப் போனப்போ மரகதவல்லி டீச்சர் என் தலையைப் பார்த்துட்டு அழுதுட்டாங்க. "அந்த ரெண்டு பக்கத்தை ஏன் டீச்சர் அடிக்கச் சொன்னீங்க?"ன்னு கேட்டேன். "போர்ஷன் முடியலம்மா"ன்னாங்க. அப்புறம் ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னே மிச்சத்தைச் சொன்னாங்க. அங்க ரோபஸ்பியர்னு ஒருத்தர். ஆரம்பத்துல மரண தண்டனையே கூடாதுன்னு பேசினவராம். அவர்தான் பின்னால ஆயிரக்கணக்குல கில்லட்டினுக்கு அனுப்பின ஆட்சிக்கு முன்னாடி நின்னார். ராஜாவை எடுத்தாங்க, ராணியை எடுத்தாங்க, அப்புறம் கூட இருந்தவங்களையே எடுத்தாங்க. கடைசியில ஒருநாள் சபையில எழுந்து, உங்களுக்குள்ளேயே துரோகிங்க இருக்காங்கன்னு சொல்லியிருக்கார். யார், பேரைச் சொல்லுன்னு கத்தியிருக்காங்க. சொல்லல. மறுநாள் அவரைப் பிடிச்சுட்டாங்க, அதுக்கு மறுநாள் தலை போச்சு. அப்புறம் நெப்போலியன். அப்புறம் பார்த்தா செத்த ராஜாவோட தம்பியே ராஜாவா வந்து உட்கார்ந்துட்டார்.

"புரியுதாம்மா?"ன்னு கேட்டாங்க டீச்சர். என் கையைப் பிடிச்சுக்கிட்டு.

நல்லாப் புரிஞ்சுதுன்னேன். புரியாம என்ன? அந்த ஆள் பண்ணின தப்பு ஒண்ணே ஒண்ணு. முன்னாடி நாளே சொல்லியிருக்கக் கூடாது. சொன்னா பேரோட சொல்லணும், சொன்ன இடத்துலயே முடிக்கணும். நானும் அதே தப்பைத்தான் பண்ணியிருக்கேன். அந்த ரெண்டு பக்கத்தைப் படிச்சிருந்தா எனக்கு இது நடந்திருக்காது. டீச்சர்கிட்ட இதைச் சொன்னேன். அவங்க என் கையை விட்டுட்டாங்க.

சேலம் தாண்டி எங்கயா? திருப்பூர் பக்கம்தான். ஒரு மில்லுல வேலைக்குச் சேர்த்து விட்டிருக்கார் அப்பா. அங்கேயே ஹாஸ்டல். மில் பேரா?

அட, அதே மில்லா! லீவு முடிஞ்சு திரும்பிப் போறீங்களா? முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. சாப்பாடு எப்படி? ரசம்னு சொல்லி வெந்நீர் ஊத்துவாங்களா? நினைச்சேன். எத்தனை பொண்ணுங்க? அடேயப்பா, முந்நூறு பேருக்கு மேலயா? முந்நூறு பேர் இருந்துட்டு வெந்நீர் குடிச்சுட்டு இருக்கீங்களா? வார்டன் எப்படி? போனைப் பிடுங்கி வெச்சுக்குவாங்களா? ம். அவங்ககிட்ட போய் யார் என்ன பேசினாங்கன்னு சொல்ற பொண்ணுங்க இருப்பாங்களே. இருப்பாங்க. எல்லா இடத்துலயும் இருப்பாங்க. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். தெரியாதா? நிஜமா தெரியாதா?

சரி, விடுங்க.

பையில என்ன கனமா இடிக்குதுன்னு பார்க்குறீங்களா? அதுதான். கறுப்புப் பிடி. தொட்டிகிட்ட போட்டுட்டுப் போயிட்டாங்க, நான் எடுத்துக்கிட்டேன். சகுந்தலா இன்னும் தேடிட்டுத்தான் இருப்பாங்க. வெட்டுறதுக்கு இல்லக்கா. ஆணியில மாட்டத்தான். எல்லாரும் பார்க்கணும்ல.

ஏன் சடையை ஜாக்கெட்டுக்குள்ள விட்டுக்கறீங்க? காத்தா? ஜன்னலைச் சாத்திட்டேன், பாருங்க. இப்போ எடுத்து விடுங்க, வேர்க்கும். நல்ல முடி உங்களுக்கு.

இப்பவே ஒண்ணு சொல்லிடறேன். அங்க போய் இறங்கினதும் அக்கா எல்லாம் கிடையாது.

உங்க பேர் என்ன?